கீழே 2 கடைவாய்ப்பல் இல்லை: இம்பிளாண்ட்டா, பிரிட்ஜா, கழற்றி மாட்டுற பல்லா?

காவேரிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் பல் கட்டணும். வயசு 63, ஊர் கும்பகோணம். சுகர் இருக்கு, மாத்திரைதான், இன்சுலின் இல்லை. கீழே இடது பக்கம் அடுத்தடுத்து 2 கடைவாய்ப்பல் கிடையாது. ஒண்ணு ரொம்ப வருஷம் முன்னாடி சொத்தைன்னு பிடுங்கினது. இன்னொண்ணு போன வருஷம் ஆட்டம் கண்டு எடுத்தது. அதுக்குப் பின்னால ஞானப்பல் இருக்கு, ஆனா முன்பக்கமா சாஞ்சு நிக்குது. வலது பக்கம் மேலயும் கீழயும் பல் முழுசா இருக்கு.

மூணு இடத்துல காட்டினோம், மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்க. முதல் கிளினிக்ல 2 இம்பிளாண்ட் (தாடை எலும்புல திருகு வெச்சு அது மேல பல்), மொத்தம் 80,000 ரூபாய். ரெண்டாவது இடத்துல இம்பிளாண்ட் வேண்டாம், முன்னாடி இருக்கிற சின்னக் கடைவாய்ப்பல்லையும் ஞானப்பல்லையும் ராவி, அது ரெண்டையும் தாங்கலா வெச்சு நடுவுல பல் சேர்த்து 4 பல் பிரிட்ஜ் போடலாம், 24,000. மூணாவது டாக்டர் வயசானவங்கதானே, கழற்றி மாட்டுற பல் போதும், 3,500-னு முடிச்சுட்டார்.

அம்மா சொல்றது நாலாவது: "எனக்கு ஒண்ணும் வேண்டாம், வலது பக்கம் மென்னுக்கிறேன்."

பணம் முக்கியம்தான், ஆனா பணத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ண எனக்கு விருப்பம் இல்லை. அனுபவம் உள்ளவங்க, துறையில இருக்கிறவங்க சொல்லுங்க.

திருவானைக்கோவில்

யோசிக்காம இம்பிளாண்ட் போடுங்க. எங்க வீட்டுக்காரருக்குக் கீழ்ப்பல் ஒண்ணு போட்டு நல்லா இருக்கார். பக்கத்துப் பல்லைத் தொட வேண்டாம், ராத்திரி கழற்றி வைக்க வேண்டாம். ஆயுசுக்கும் இருக்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார், கம்பெனி அட்டையும் கொடுத்திருக்காங்க. 3,500-க்கு வாங்கிட்டு வர்ற பல்லு கடைசியில டப்பாக்குள்ளதான் இருக்கும். எங்க மாமியார் விஷயத்துல கண்ணால பார்த்தது.

மங்கை_மதுரை

நான் பிரிட்ஜ் போட்டுப் பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. மேல வலது பக்கம் ஒரே ஒரு பல் இல்லை. அதுக்கு முன்னாடி பல்லும் பின்னாடி பல்லும் ஏற்கெனவே ரூட் கெனால் (வேர் சிகிச்சை) பண்ணினது, எப்படியும் மேல உறை மாதிரி கேப் போடணும்னு இருந்தது. அப்போ அந்த 2 கேப்போட நடுவுல ஒரு பல்லைச் சேர்த்துப் பிரிட்ஜ் ஆக்கிட்டாங்க. எனக்கு அதுதான் சரியான வழி. இன்னைக்குக் கேட்டாலும் அதையேதான் போடுவேன்.

ஆனா உங்க அம்மா விஷயத்துல பக்கத்துப் பல் எப்படி இருக்குன்னு எழுதவே இல்லையே. சொத்தை, அடைப்பு எதுவும் இல்லாத முழுப் பல்லா இருந்தா, அதை ராவ விடுறதுக்கு முன்னாடி நூறு தடவை யோசிங்க. ராவின பல் திரும்ப வளராது.

நெல்லை_பல்மருத்துவர்

கேள்வி கேட்டவருக்கும் பதில் எழுதினவங்களுக்கும் வணக்கம். பல் கட்டுவதில் மேல்படிப்பு (எம்.டி.எஸ். புராஸ்தடான்டிக்ஸ்) முடித்து வேலை பார்க்கிறேன். வாயைப் பார்க்காமல் இதுதான் சரி என்று நான் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டேன். எதை வைத்து முடிவெடுப்போம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அந்த 4 பல் பிரிட்ஜ். எனக்கு இதில்தான் கவலை அதிகம். இரண்டு செங்கல் மேல் ஒரு பலகையை வைத்து நடுவில் மிதித்தால் வளையும் அல்லவா? இடைவெளி இரண்டு மடங்கானால் வளைவு இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். ஒரு பல் இல்லாத இடத்தில் நன்றாக நிற்கும் பிரிட்ஜ், அடுத்தடுத்து 2 கடைவாய்ப்பல் இல்லாத இடத்தில் திணறுவது இதனால்தான். தாங்கப்போவது யார் என்றும் பாருங்கள். முன்னால் ஒற்றை வேர் உள்ள சின்னக் கடைவாய்ப்பல், பின்னால் சாய்ந்த ஞானப்பல். ஞானப்பல்லின் வேர்கள் பெரும்பாலும் குட்டையாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக இருக்கும். சாய்ந்த பல்லையும் நேரான பல்லையும் ஒரே திசையில் ராவினால்தான் பிரிட்ஜ் உள்ளே இறங்கும். அப்படி ராவும்போது ஒன்றில் நரம்பு வரை போய்விட வாய்ப்பு உண்டு. பிறகு ரூட் கெனால், அதற்கும் செலவு.

நான் எல்லாரிடமும் கேட்கச் சொல்லும் கேள்வி ஒன்று: இது கெட்டுப்போனால் அடுத்து என்ன செய்வோம்? கழற்றி மாட்டும் பல் சரிவரவில்லை என்றால் எடுத்து வைத்துவிடலாம், வாய் பழையபடி இருக்கும். இம்பிளாண்ட் எலும்போடு ஒட்டவில்லை என்றால் அந்த இடத்தில் எலும்பு கொஞ்சம் போகும், ஆனால் பக்கத்துப் பல் தப்பிக்கும். நீளப் பிரிட்ஜ் கெட்டால் பெரும்பாலும் தாங்கின பல்லில் ஒன்றையும் கூட்டிக்கொண்டு போகும். அப்போது 2 பல் இடைவெளி 3 பல் ஆகிவிடும். உங்கள் அம்மாவுக்கு முன்னால் தாங்கும் அந்தச் சின்னக் கடைவாய்ப்பல் போய்விட்டால் இன்றைக்கு இருக்கும் வசதிகூட நாளைக்கு இருக்காது.

திருவானைக்கோவில் அம்மா, உங்கள் வீட்டுக்காரர் பல் நன்றாக இருப்பதில் மகிழ்ச்சி. இம்பிளாண்ட் நல்ல சிகிச்சை. சரியான ஆளுக்குச் சரியாக வைத்தால் 10 வருடம் கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நிற்கிறது. ஆனால் "ஆயுசுக்கும்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பராமரிப்பை விட்டுவிடாதீர்கள். அட்டையில் இருக்கும் உத்தரவாதம் பொதுவாக எலும்புக்குள் இருக்கும் டைட்டேனியம் திருகுக்கு மட்டும்தான். திரும்ப அறுவை செய்யும் கூலி, மேலே இருக்கும் கேப் எல்லாம் அதில் வருகிறதா என்று படித்துப் பாருங்கள். இயற்கைப் பல்லைப் போலவே இம்பிளாண்ட்டைச் சுற்றியும் ஈறு வீங்கும், சீழ் வரும், எலும்பு கரையும். வலி தெரியாமலே கரையும் என்பதுதான் ஆபத்து. வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டுங்கள்.

காவேரிக்கரை, எனக்கு 4 தகவல் வேண்டும். மூன்று மாதச் சராசரி சுகர் (ஹெச்பிஏ1சி) எவ்வளவு? இரண்டாவது பல் ஆட்டம் கண்டு போனது என்றீர்கள், மற்றப் பற்களின் ஈறு எப்படி இருக்கிறது? சுகர் மாத்திரை தவிர வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? கடைசியாக, அந்த இடைவெளி எத்தனை மில்லிமீட்டர்? அச்சு எடுத்திருந்தால் அந்த மாவு மாடலில் ஸ்கேல் வைத்து அளக்கலாம்.

காவேரிக்கரை

டாக்டர் சார், இவ்வளவு விளக்கமா எழுதினதுக்கு நன்றி. ரெண்டாவது கிளினிக்ல அச்சு எடுத்திருந்தாங்க, போய்க் கேட்டு வாங்கி அளந்தோம். 13 மில்லிமீட்டர். சுகர் சராசரி 8.6. பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருதுன்னு அம்மா சொல்றாங்க, ஸ்கேலிங் (டாக்டர்கிட்ட பல் காரை எடுக்கிறது) பண்ணினதே இல்லையாம். பக்கத்துல இருக்கிற சின்னக் கடைவாய்ப்பல்ல சொத்தை இல்லை.

மருந்து: சுகருக்கு, பிரஷருக்கு, அப்புறம் வாரம் ஒரு மாத்திரை. எலும்பு தேய்மானத்துக்குன்னு கொடுத்தது. ஞாயித்துக்கிழமை வெறும் வயித்துல போட்டுட்டு அரை மணி நேரம் படுக்காம உட்கார்ந்திருப்பாங்க. பேரு அலெண்ட்ரோனேட்னு போட்டிருக்கு. இதை மூணு கிளினிக்லயும் யாரும் கேட்கலை, நாங்களும் பல்லுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு சொல்லலை.

நெல்லை_பல்மருத்துவர்

நல்லவேளை இப்போது சொன்னீர்கள். மூன்று இடத்திலும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிக்கிற எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அலெண்ட்ரோனேட் வகை மாத்திரைகள் எலும்பு கரைவதைத் தடுக்கும். அதே குணத்தால் தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்வதும் மந்தமாகும். பல் பிடுங்கின இடம், இம்பிளாண்ட் வைத்த இடம் அபூர்வமாகச் சிலருக்கு ஆறாமல், எலும்பு வெளியே தெரிய அப்படியே நின்றுவிடும். வாய்வழி மாத்திரையில் இந்த ஆபத்து மிகக் குறைவு. புற்றுநோய்க்காக ஊசியாகப் போடும் ஜோலெட்ரோனிக் ஆசிட், டெனோசுமாப் போன்றவற்றில்தான் அதிகம். அதனால் பயப்பட வேண்டாம், மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இடுப்பெலும்பு முறிந்தால் அது இதைவிடப் பெரிய துன்பம். எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்பதை எழுதிக்கொண்டு போய், மருந்து கொடுத்த டாக்டரையும் பல் டாக்டரையும் பேச வையுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே சொல்தான், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அடுத்து அந்த 13 மில்லிமீட்டர். இது முக்கியமான செய்தி. கீழே முதல் கடைவாய்ப்பல் ஏறக்குறைய 11, இரண்டாவது 10 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் அகலம். ஆக 21 இருந்த இடம் 13 ஆகச் சுருங்கியிருக்கிறது. ஞானப்பல் முன்னால் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. இம்பிளாண்ட்டுக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே குறைந்தது ஒன்றரை மில்லிமீட்டர், இரண்டு இம்பிளாண்ட்டுக்கு நடுவே 3 மில்லிமீட்டர் எலும்பு விட வேண்டும். 4 மில்லிமீட்டர் திருகு இரண்டு வைத்தாலே 14 ஆகிவிடும். 13-ல் இரண்டு வைப்பது நெருக்கடி. அப்படி நெருக்கினால் நடு எலும்பு கரையும், துலக்கவும் முடியாது. இங்கே இம்பிளாண்ட் என்றால் ஒன்றுதான், அதன் மேல் ஒரு முழுக் கடைவாய்ப்பல். இரண்டு போடச் சொன்ன கிளினிக்கில் சிபிசிடி ஸ்கேன் (தாடையை முப்பரிமாணமாகக் காட்டுவது) எடுத்தார்களா, வெறும் ஓபிஜி எக்ஸ்ரேயா (முழு வாயின் தட்டைப் படம்)? கீழ்த்தாடைக்குள் உதட்டுக்குப் போகும் நரம்பு ஓடுகிறது. திருகின் நுனி அதற்கு 2 மில்லிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். இல்லையென்றால் கீழுதடு மரத்துப்போகும். ஸ்கேன் இல்லாமல் அந்த இடத்தில் திருகு வைக்கச் சம்மதிக்காதீர்கள்.

சுகர் 8.6-ல் யாரும் அவசரப்பட வேண்டாம். 7-ஐ ஒட்டி வரட்டும். ஈறு சிகிச்சை முடியட்டும், ரத்தம் நிற்கட்டும். ஈறு நோய்க்குப் பல்லைக் கொடுத்த வாயில், அந்த நோயைச் சரிசெய்யாமல் இம்பிளாண்ட் வைத்தால் அதுவும் அதே வழியில் போகும்.

ஓய்வு_தமிழாசிரியர்

கழற்றி மாட்டும் பல் டப்பாவுக்குத்தான் போகும் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அனைவருக்கும் அப்படி அல்ல. எனக்கு மேல், கீழ் இரண்டும் முழு செட். மேல் செட் அண்ணத்தோடு ஒட்டி நன்றாக நிற்கும். கீழ் செட்தான் தொல்லை. நாக்கு அசைந்தால் மிதக்கும், சீடையைக் கடித்தால் ஒரு பக்கம் எழும்பும். வகுப்பெடுத்த வாய்க்கு 'ச' வரிசையே வராமல் போனது பெரிய வேதனையாக இருந்தது.

பிறகு கீழ்த்தாடையின் முன்பகுதியில் 2 இம்பிளாண்ட் மட்டும் வைத்து, அதே செட்டின் அடியில் பிடிப்பு பொருத்தினார்கள். மாட்டும்போது 'டிக்' என்று உட்காரும், கையால் நெம்பினால்தான் வரும். உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்தால் மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதுவே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிக்கை விட்டிருப்பதாக என் மருத்துவர் சொன்னார். நிறையப் பணம் போட்டு முழுவாய்க்கும் இம்பிளாண்ட் வைக்க முடியாதவர்கள் இந்த வழியைக் கேட்டுப் பாருங்கள்.

செட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாஷ்பேசினில் தண்ணீர் நிரப்பி, அதன் மேலே பிடித்துக் கழுவுங்கள். கை நழுவினாலும் உடையாது. சோப்பும் மெத்தென்ற பிரஷும் போதும், பற்பசை அதைக் கீறிவிடும். வெந்நீரில் போட்டால் வளைந்துபோகும். இரவில் கழற்றித் தண்ணீரில் வையுங்கள். கழற்றாமல் தூங்கினால் அண்ணம் சிவந்து புண்ணாகும், காளான் தொற்று வரும்.

லேப்_சேலம்

நான் பல் லேப்ல வேலை பார்க்கிறேன். கேப், பிரிட்ஜ், செட் எல்லாம் எங்க கையிலதான் உருவாகுது. அதனால பொருள் பத்திச் சொல்றேன்.

3,500 ரூபாய்க்குச் சொன்னது அநேகமா அக்ரிலிக் பிளேட்டும் கம்பிக் கொக்கியும். அது தற்காலிகத்துக்கு நல்லது, வருஷக்கணக்குல போட ஏத்தது இல்லை. ஈறு மேலேயே உட்கார்ந்து அழுத்தும், பக்கத்துப் பல்லோட ஈறை இறக்கிடும். அதே கழற்றி மாட்டுற பல்லை கோபால்ட் குரோம் உலோகத்துல வார்த்துச் செய்யலாம். மெல்லிசா, உறுதியா இருக்கும். பல் மேலயே சின்ன மேடை மாதிரி ஒரு பகுதி வந்து உட்காரும், அதனால பாரம் பல்லுக்குப் போகும், ஈறு தப்பிக்கும். விலை அக்ரிலிக்கைவிட சில மடங்கு வரும், ஆனா இம்பிளாண்ட்டுக்குப் பக்கத்துலகூட வராது. டாக்டர்கள் பலர் இதைச் சொல்றதே இல்லை, நீங்களா கேளுங்க.

ஃபிளெக்ஸிபிள் பல்லுனு ஒண்ணு இப்போ நிறையப் போகுது. நைலான். கம்பி தெரியாது, வாய்க்கு இதமா இருக்கும். முன்பல் ஒண்ணு ரெண்டுக்கு நல்லா இருக்கு. ஆனா கடைவாயில மெல்லும்போது அது வளையுது, அடியில ஈறு நசுங்குது. உடைஞ்சாலோ லூஸ் ஆனாலோ அக்ரிலிக் மாதிரி சுலபமா ஒட்டிச் சரிபண்ண முடியாது.

கேப்புல, உலோகத்து மேல பீங்கான் பூசுறது பழைய முறை. நல்லா உழைக்கும், பீங்கான் மட்டும் சில சமயம் சில்லா உடைஞ்சு விழும். ஜிர்கோனியா பீங்கான் மாதிரி வெள்ளையான கெட்டிப் பொருள், முழுக்க ஒரே பொருள், கடைவாய்க்குத் தாங்கும். உலோகக் கேப்புன்னா நிக்கல் இருக்கான்னு கேளுங்க. கவரிங் நகை போட்டா காதுல அரிப்பு வர்ற பெண்களுக்கு நிக்கல் அலர்ஜி இருக்கலாம்.

கலர் பார்க்கிறது சின்ன விஷயம் மாதிரி தெரியும். பகல் வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் நின்னு பாருங்க, லிப்ஸ்டிக் போட்டிருந்தா துடைச்சிடுங்க. எல்லாரும் ஏ1 வெள்ளை கேட்கிறாங்க (பல் நிற அட்டையில எண் கூடக் கூட நிறம் மங்கலாகும்). அறுபது வயசு வாயில பக்கத்துப் பல் ஏ3 இருக்கும்போது ஏ1 போட்டா அந்த ஒரு பல் மட்டும் தனியாத் தெரியும்.

சிராங்கூன்_ரோடு

சிங்கப்பூர்ல இருக்கேன். இங்கே இம்பிளாண்ட் அறுவைக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்குன்னு சம்பளத்துல பிடிக்கிற சேமிப்பு) கணக்குல இருந்து ஒரு அளவு வரைக்கும் எடுக்கலாம், ஆனா மேல போடுற கேப்புக்கு எடுக்க முடியாது. கணக்குப் போட்டா ஊருக்கு வந்து போடலாம்னு தோணுது. எனக்குக் கீழ முதல் கடைவாய்ப்பல் ஒண்ணுதான் இல்லை. லீவு ரெண்டு வாரம். "3 நாளில் பல்"னு விளம்பரம் பார்த்தேன், ஒரே பயணத்துல முடிச்சிடலாமா?

நெல்லை_பல்மருத்துவர்

சிராங்கூன் தம்பி, உங்கள் கேஸுக்கு வேண்டாம். டைட்டேனியத்தோடு எலும்பு ஒட்டி வளர்கிறது என்பதை ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் முயல் எலும்பில் 1950களில் கவனித்தார். 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்தார். அவர் வகுத்த பழைய விதி கீழ்த்தாடைக்கு 3 மாதம், மேல்தாடைக்கு 6 மாதம் காத்திருப்பது. இன்றைக்குத் திருகின் மேற்பரப்பு மேம்பட்டதால் காலம் குறைந்திருக்கிறது. ஆனால் எலும்பு வளர்வதற்கு நேரம் வேண்டும் என்ற அடிப்படை மாறவில்லை.

உடனே பல் வைக்கும் முறை பொய் அல்ல. பல்லே இல்லாத தாடையில் 4 அல்லது அதற்கு மேல் இம்பிளாண்ட் வைத்து, எல்லாவற்றையும் ஒரே வளைவாகப் பிணைத்துவிட்டால் ஒன்றை ஒன்று தாங்கும். அங்கே உடனே தற்காலிகப் பல் வைக்கலாம், நன்றாக வேலை செய்கிறது. தனியாக நிற்கும் ஒற்றைக் கடைவாய்ப்பல் வேறு. முழு மெல்லும் பாரமும் ஒரே திருகின் மேல் இறங்கும். ஒட்டும் முன்பே அசைந்தால், அதைச் சுற்றி எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். பிறகு கையோடு வந்துவிடும்.

இரண்டு பயணமாகப் பிரியுங்கள். முதல் லீவில் ஸ்கேன், திருகு, தையல் பிரிப்பது. அடுத்த முறை வரும்போது அச்சும் கேப்பும். நடுவில் ஏதாவது என்றால் சிங்கப்பூரில் யார் பார்ப்பார்கள் என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். சிலர் வேறு இடத்தில் வைத்த திருகைத் தொடமாட்டார்கள்.

பொன்மலை_ரயில்வே

இத்தனை பேர் எழுதியும் அந்த அம்மா சொன்னதை யாரும் எடுத்துப் பேசலையே. "ஒண்ணும் வேண்டாம்"னு அவங்க சொல்றதுல என்ன தப்பு? வலது பக்கம் முழுசா பல் இருக்கு. டாக்டருங்க இடைவெளியைக் கண்டா அடைக்கணும்னுதான் சொல்வாங்க.

நெல்லை_பல்மருத்துவர்

ஐயா சொல்வது நியாயமான கேள்வி. அதுவும் ஒரு சிகிச்சை முடிவுதான். நெதர்லாந்தில் நைமேகன் நகரத்து ஆய்வாளர் கேய்சர் 1981-லேயே இதைப் பற்றி எழுதினார். முன்பற்களும் சின்னக் கடைவாய்ப்பற்களும் மேலும் கீழும் சேருமாறு 20 பல் ஒழுங்காக இருந்தால், பின்னால் உள்ள பெரிய கடைவாய்ப்பற்கள் இல்லாமலே பலர் நிறைவாகச் சாப்பிடுகிறார்கள். வயதானவருக்கு எல்லா இடைவெளியையும் அடைத்தே தீர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இவருக்கு விடுவதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எதிரில் பல் இல்லாததால் மேல் கடைவாய்ப்பல் மெல்லக் கீழே இறங்கலாம். எல்லாருக்கும் இறங்காது, ஆனால் இறங்கினால் பின்னால் பல் கட்ட உயரம் இருக்காது. இன்னொன்று, சாய்ந்த ஞானப்பல்லின் முன்பக்கம் சோறு அடைத்துக்கொண்டு சொத்தை வரும். விடுவது என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டி, இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு விடுங்கள். அவர் ஒரே பக்கம் மெல்வதால் அந்தப் பக்கம் வலி, தாடை மூட்டில் சத்தம் ஏதும் உண்டா என்றும் கேளுங்கள்.

முன்பல் போனவர்களுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. அவர்கள் சிரிக்க வேண்டும், நாலு பேர் முன்னால் பேச வேண்டும். அங்கே ஒரு பல்லுக்காவது உடனே வழி செய்யத்தான் வேண்டும்.

சிதம்பரம்_வாசி

செலவைப் பத்தி ஒரு வார்த்தை. கும்பகோணத்துக்காரங்க அண்ணாமலைநகர் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு வரலாம். புதுக்கோட்டையில 2023-ல இருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கு. சென்னையில கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிர்ல இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். கல்லூரின்னா மாணவர்கள் செய்வாங்களேன்னு தயங்க வேண்டாம், பேராசிரியர் வந்து ஒவ்வொரு கட்டத்துலயும் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் அடுத்தது. நேரம் அதிகமாகும், பல தடவை வரச் சொல்வாங்க, காலையிலேயே வந்து சீட்டுப் போடணும். பெரியவங்களைக் கூட்டிட்டு வர்றவங்க அதுக்குத் தயாரா வாங்க. எங்க அண்ணிக்கு வார்ப்பு உலோகப் பல் இங்கேதான் செஞ்சது, கச்சிதமா இருக்கு.

காவேரிக்கரை

கொஞ்ச மாசம் ஆகிப்போச்சு, பதில் சொல்லாம விட்டா நல்லா இருக்காதுன்னு எழுதறேன்.

முதல்ல ஈறு சிகிச்சை முடிச்சோம். சுகர் 7.1-க்கு வந்திருக்கு. எலும்பு மாத்திரை ரெண்டு வருஷத்துக்கும் குறைவாத்தான் சாப்பிடறாங்க, மருந்து கொடுத்த டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தோட ஒரு எம்.டி.எஸ். டாக்டர்கிட்ட போனோம். அவர் சிபிசிடி எடுத்தார். நரம்புக்கு மேல 12 மில்லிமீட்டர் எலும்பு இருக்கு. பிரிட்ஜ் வேண்டாம்னு எடுத்ததுமே சொல்லிட்டார். ஒரே ஒரு இம்பிளாண்ட், முதல் கடைவாய்ப்பல் இடத்துல. மேல் பல் லேசா இறங்கியிருக்கு, அதைக் கொஞ்சம் மட்டும் தேய்ச்சுச் சரிபண்ணிடலாம்னார்.

அம்மாகிட்ட எல்லா வழியையும் உட்கார வெச்சு விளக்கினார், "விட்டுடலாம்"ங்கிறதையும் சேர்த்து. அவங்க கேட்ட ஒரே கேள்வி, "பக்கத்துப் பல்லைத் தொடுவீங்களா?" தொடமாட்டோம்னதும் சரின்னுட்டாங்க. திருகு வெச்சாச்சு, தையல் பிரிச்சாச்சு. கேப்புக்கு இன்னும் காத்திருக்கோம்.

லேப்_சேலம்

நல்ல முடிவு. ஒண்ணு மறக்காதீங்க. திருகு வர்ற டப்பாவுல ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி, மாடல், விட்டம், நீளம், லாட் நம்பர் எல்லாம் அதுல இருக்கும். அதை அம்மாவோட ஃபைல்ல ஒட்டி வாங்குங்க, போட்டோவும் எடுத்து வைங்க. ஒவ்வொரு கம்பெனி திருகுக்கும் மேல் பாகமும் திருப்புற கருவியும் தனி. பத்து வருஷம் கழிச்சு கேப் லூஸ் ஆகி வேற ஊர்ல காட்டினா, பேர் தெரியாம லேப்ல நாங்க படுற பாடு பெரும்பாடு. எக்ஸ்ரேயைப் பார்த்து யூகிக்க வேண்டியிருக்கு.

மங்கை_மதுரை

கேப் வந்ததும் சுத்தம் பண்றதை முதல் நாளே கத்துக் கொடுக்கச் சொல்லுங்க. பல்லிடுக்குல போற குட்டி பிரஷ் மெடிக்கல்ல கிடைக்கும், அளவு டாக்டரே சொல்வார். பிரிட்ஜ் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு முனை விறைப்பா இருக்கிற ஃபிளாஸ் நூல் இருக்கு. அதைப் பிரிட்ஜுக்கு அடியில ஊசி கோக்கிற மாதிரி விட்டு, அந்தப் பக்கம் இழுத்து, பல்லை ஒட்டி முன்னும் பின்னும் தேய்க்கணும். நான் தினம் ராத்திரி பண்றேன்.

கரூர்_தறி

இந்த இழையை முழுக்கப் படிச்சேன். என் சந்தேகத்தையும் இங்கேயே கேட்கிறேன், தப்பா நினைக்காதீங்க. அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிஞ்சு 4 வருஷம் ஆச்சு. இப்போ கீழ 3 பல் ஆடுது. பிடுங்கிட்டு இம்பிளாண்ட் வைக்கலாம்னு தெருமுனை கிளினிக்ல சொல்றாங்க. வைக்கலாமா?

நெல்லை_பல்மருத்துவர்

தம்பி, தயவுசெய்து பிடுங்குவதையே நிறுத்தி வையுங்கள். கதிர்வீச்சு பட்ட தாடையில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், அது வருடங்கள் ஆனாலும் திரும்புவதில்லை. 4 வருடம் ஆகிவிட்டதே என்று நினைக்கக் கூடாது. சாதாரணமாகப் பிடுங்கின குழிகூட ஆறாமல் எலும்பு செத்துப்போகலாம். ஆடுகிற பல்லைப் பிடுங்காமல் வேர் சிகிச்சை செய்து, மேல் பகுதியை மட்டும் வெட்டி வேரை உள்ளேயே விடும் வழியும் சிலருக்கு உண்டு. இம்பிளாண்ட் அறவே முடியாது என்பதல்ல. ஆனால் அதைப் புற்றுநோய் அறுவை மருத்துவரும் பல் மருத்துவரும் சேர்ந்து பார்க்கும் பெரிய மருத்துவமனையில்தான் யோசிக்க வேண்டும். உமிழ்நீர் வற்றியிருந்தால் கழற்றி மாட்டும் பல்லும் உரசிப் புண்ணாக்கும், அதையும் அவர்களே பார்த்துச் சொல்லட்டும்.

சிகிச்சை எடுத்த இடத்துக்கே போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு, எந்தப் பகுதிக்கு என்று இருக்கும். இல்லை என்றால் அங்கே கேட்டு எழுதி வாங்குங்கள். தாடைக்கு 50-ஐத் தாண்டியிருந்தால் ஆபத்து கூடுதல். அந்தத் தாளைப் பார்க்காமல் எந்தக் கிளினிக்கிலும் அப்பா பல்லில் குறடு வைக்க விடாதீர்கள். ஆடுகிற பக்கம் வலி, சீழ், காய்ச்சல் இருந்தால் நாளைக்கே கிளம்புங்கள், காத்திருக்க வேண்டாம்.